வெறுங்குண்டு

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. "பொத்." ஈரத் துண்டு கைதவறித் தரையில் விழுந்தால் வருமே, அது. ஆனால் வந்தது ஒரு துப்பாக்கியிலிருந்து. எங்கள் துப்பாக்கி கிளப் ஆட்கள் அத்தனை பேரும் நின்றிருந்தோம். இதை எழுதியே தீர வேண்டும் என்று வீட்டுக்கு வரும் வழியில் முடிவு செய்தேன். எழுதவே கூடாது என்றும் அதே வழியில்தான் முடிவு செய்தேன். வழி கொஞ்சம் நீளம்.

முதலில் எழுதிய தொடக்கம்: "டென்னஸி மலைகளில் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதக் காலையில்..." வேண்டாம். டென்னஸி சரி, நான் குடியிருக்கும் அமெரிக்க மாநிலம். பனி எங்கே விலகியது? மத்தியானம் வரை அங்கேயேதான் கிடந்தது.

அடுத்தது: "ஹோபர்ட் செத்த பிறகும் அவருடைய துப்பாக்கி ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு..." கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "வெர்னா எனக்குப் போன் செய்து, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பொய் சொன்னார்." இது நடந்தது. ஆனால் வெர்னா யார், எதற்குப் பொய் என்பதெல்லாம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் துப்பாக்கியைச் சொல்ல வேண்டும். சரி, துப்பாக்கியிலிருந்தே வருகிறேன்.

2

எங்கள் கிளப்பில் சுடுவது சக்கிமுக்கித் துப்பாக்கி. தோட்டா கிடையாது. ஒவ்வொரு முறையும் குழலின் வாய் வழியாகக் கெட்டித்துத்தான் சுட வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது. எப்படியென்று சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, குழலை முகத்துக்கு எட்டப் பிடித்து நிறுத்த வேண்டும். போன தடவையின் கரி போக உள்ளே ஒரு துணியை விட்டுத் துடைக்க வேண்டும். பிறகு கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பருத்தித் துணி. சிலர் அதில் மாட்டுக்கொழுப்பு தடவுவார்கள், சிலர் வாயில் போட்டு எச்சிலில் நனைப்பார்கள். அதைக் குழல் வாயில் விரித்து, நடுவில் ஈயக்குண்டை வைத்து அமுக்க வேண்டும். வெளியே நிற்கிற துணியைக் கத்தியால் அறுத்துவிட வேண்டும். பிறகு நீளக் கம்பை எடுத்து, குண்டைச் சீராக அடிவரைக்கும் தள்ள வேண்டும். குத்தக் கூடாது, தள்ள வேண்டும். அப்புறம் மரக்கட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, குழலைக் கட்டைமேல் சாய்க்க வேண்டும். குழலின் பக்கத்தில் ஒரு துளை இருக்கும். அதை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, அதை ஒட்டிய சின்னக் கிண்ணத்தில் நைசான வெடிமருந்து ஒரு சிட்டிகை போட்டு மூடியைச் சாத்த வேண்டும். குதிரை என்கிற சுத்தியலை முழுக்கப் பின்னால் இழுத்து, குறி பார்த்து, விசையை அழுத்தினால், குதிரையின் வாயில் இருக்கிற கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணத்தில் விழும். மருந்து பற்றும். தீ துளை வழியாக உள்ளே போகும். குண்டு கிளம்பும்.

அவ்வளவுதான்.

3

கிளம்பாது.

மேலே நான் குழலுக்குள் மருந்தே போடவில்லை. முதலில் மருந்து, அதன்மேல்தான் துணியும் குண்டும். கிண்ணத்தில் போட்ட சிட்டிகை வெறும் பற்றவைப்பு. அந்தத் தீ உள்ளே போய்ப் பார்த்தால், அங்கே எரிய ஒன்றும் இல்லை.

வாசகருக்குப் பாடம் புகட்ட வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை. மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. திருத்தப் போனேன். இந்தக் கதையே இதைப் பற்றித்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்களும் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். கவனித்தேன் என்கிறீர்களா, சரி, நம்புகிறேன்.

இதற்கு எங்கள் பேச்சில் வெறுங்குண்டு என்று பெயர். அரட்டை அடித்துக்கொண்டே கெட்டித்தால் இதுதான் நடக்கும். போட்டவரின் மானம் தவிர வேறெதற்கும் சேதம் இல்லை. மானத்தையும் சும்மா விடக் கூடாது என்று ஹோபர்ட் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கொட்டகைத் தூணில் ஒரு மாட்டு மணி தொங்குகிறது. வெறுங்குண்டு போட்டவர், தானே நடந்து போய் அதை அடிக்க வேண்டும். அவரவர் மணியை அவரவர்தான் அடிக்க வேண்டும். அடித்ததும் வரிசையில் நிற்கிற எல்லாரும், "மருந்து எங்கடா?" என்று அவர் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். பாதிரியார் போட்டாலும் 'டா'தான். ஒரு தடவை போட்டார்.

நானும் அடித்திருக்கிறேன். என் முழுப்பெயர் வேல்மயில். இவர்களுக்கு முன்பாதி போதும். "மருந்து எங்கடா வேல்?" என்று அந்தப் பள்ளத்தாக்கே கேட்டது. அன்றுதான் இந்த ஊர்க்காரன் ஆனேன். கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அதுவரை ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்ததெல்லாம் கணக்கில் சேரவில்லை.

அதிகம் அடித்தவர் டென்வர். (ஊர்ப் பெயர்தான். அந்த ஊருக்கு அவர் போனதில்லை.) கயிறு அவர் பக்கமாகவே தேய்ந்திருக்கிறது என்பார் ஹோபர்ட். ஹோபர்ட் ஒருமுறைகூட அடித்ததில்லை.

4

ஹோபர்ட்டைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும். எழுதினால் நல்லவர் ஆகிவிடுகிறார். உண்மையில் அவர் கொஞ்சம் தொல்லை பிடித்த மனுஷன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளப்பின் கேப்டன். அடுத்தவர் கெட்டிப்பதைப் பார்த்துக் குறை சொல்லாமல் அவரால் நிற்க முடியாது.

"டென்வர், அந்தக் கம்ப ஏன்டா மோர் கடையற மாதிரி ஆட்டுறே? தள்ளுடா."

"என் துப்பாக்கி, என் கம்பு. உனக்கென்ன?"

"உன் பின்னாடி நிக்கறது நான்தானே. எனக்குத்தான்."

முப்பது வருடமாக இப்படி. அவர்கள் இருவரும் நண்பர்கள் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால், இரண்டு பேருமே மறுத்திருப்பார்கள்.

போன அக்டோபரில் மாட்டுப் போட்டி, அதாவது மாட்டுக்கறிக்காகச் சுடுவது. ஜெயித்தவருக்கு மாட்டின் பின்தொடைக் கறி. டென்வர் வரவில்லை. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தார். ஹோபர்ட்டுக்குக் கிண்டல் செய்ய ஆளில்லை. கரிபூசிய தன் குறிப்பலகையில் கத்தியால் பெருக்கல் குறி கீறி நட்டுவிட்டு வந்தார், துப்பாக்கியைக் கெட்டித்தார், படுத்தார். மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, கொட்டித் தீர்த்தது. நனைந்த கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சுட முடியாது. எல்லாரும் வண்டிக்கு ஓடினோம். கெட்டித்ததைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவரே போட்ட விதி. அன்று அவரே கொண்டுபோனார். அடுத்த வாரம் தூக்கத்தில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. பொரித்த கோழி, அவரைக்காய், சோளரொட்டி. அந்தத் துப்பாக்கியில் குண்டு இன்னும் அப்படியே இருக்கிறது என்று யாரோ சொல்ல, டென்வர் காகிதத் தட்டோடு எழுந்து நின்றார். கோழியைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டார்.

"அவன் கடைசியாக் கெட்டிச்ச குண்டு அது. ஏப்ரல்ல மொதப் போட்டிய அத வெச்சுத்தான் தொடங்கணும். வெர்னாதான் சுடணும். அவனோட பலகைல." உட்கார்ந்துவிட்டார்.

வெர்னா ஹோபர்ட்டின் மனைவி. அவரும் சுடுவார், நன்றாகவே சுடுவார். "சுடறேன்," என்றார். கூடத்தில் பாதிப்பேர் அழுதார்கள். நானும்.

5

இப்போது அந்தக் குழாய்.

போட்டிக்கு முந்தைய வாரம் வெர்னா கூப்பிட்டார். போனேன். குழாய் ஒழுகவில்லை. சமையலறை மேசைமேல் துண்டு விரித்து, அதன்மேல் துப்பாக்கி.

"கம்ப உள்ள விட்டுப் பாரு, வேல்."

இதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டிக்கும் கம்பில் ஒரு கோடு கீறியிருக்கும். சரியாகக் கெட்டித்திருந்தால் அந்தக் கோடு குழல் வாயோடு ஒட்டி நிற்கும். நான் கம்பை விட்டேன். கோடு உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு விரல் ஆழத்துக்கு. மருந்து இருந்திருக்க வேண்டிய இடம் அது.

நான் கம்பை வெளியே எடுத்தேன். மறுபடி விட்டேன். வேறு பதில் வரும் என்று நினைத்தேன் போல.

"நானும் அதையே நாலு வாட்டி பண்ணிட்டேன்," என்றார் வெர்னா.

காபி ஊற்றினார். பிறகு சொன்னார். போன வருடம் முழுக்க ஹோபர்ட்டுக்கு மறதி. அடுப்பை எரியவிட்டுப் போய்விடுவார். ஓட்டிப் பழகிய பேருந்துப் பாதையிலேயே வழி தவறி, பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் வெர்னாவைத் தன் தங்கை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டதும் தப்பு அவருக்கே தெரிந்துவிட்டது. அன்று சாப்பிடவில்லை.

"வெளிய சொல்லாதே, வெர்னா, கிளப் பசங்களுக்குத் தெரிஞ்சா கேப்டன் வேலைய எடுத்துருவாங்கன்னு கெஞ்சினாரு. இந்த மனுஷன் யார்கிட்டயும் கெஞ்சினதில்ல. அதான் ஒவ்வொரு போட்டிக்கும் கூடப் போனேன். நாற்காலியப் போட்டு உக்காந்து கம்பளி நூல் பின்னற மாதிரி பின்னிக்கிட்டு, அவரு மருந்து போடறாரான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். போடலேன்னா இருமுவேன்."

எனக்கு அந்த இருமல் ஞாபகம் இருந்தது. மருந்துப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"அன்னிக்கு ஒரு காபி வாங்கப் போனேன், வேல். ஒரே ஒரு காபி."

நான் யோசனை சொன்னேன். குண்டைத் திருகுக் கம்பியால் வெளியே இழுத்துவிடலாம். மருந்து போட்டு, குண்டு போட்டு, சரியாகக் கெட்டிக்கலாம். யாருக்கும் தெரியாது.

வெர்னா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப அது என் குண்டு. அவரோடது இல்ல. அந்தத் துணில அவரு எச்சில் இருக்கு."

(எச்சில் துணியை ஆறு மாதம் உள்ளே விட்டால் குழலில் துரு ஏறும் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.)

மிச்சம் இருந்தது ஒரே வழி. பக்கத் துளை வழியாக நைசான மருந்தை ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழைப்பது. வெறுங்குண்டு போட்டவர்கள் எல்லாரும் கடைசியில் அப்படித்தான் வெளியே எடுக்கிறோம். அடுப்பை அணைத்தோம். அணைந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தோம். பிறகு மத்தியானம் முழுக்கக் கோதுமை மாவில் வண்டு பார்ப்பவர்களைப் போலக் குனிந்து உட்கார்ந்து நுழைத்தோம். குண்டு அடியோடு அடியாக ஒட்டிக் கிடந்தது. உள்ளே போனது ரொம்பக் கொஞ்சம்.

"இது போதுமா?"

"குண்டு வெளிய வரும், வெர்னா. எவ்வளவு தூரம் போகும்னுதான்..."

"நீ வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. அது போதும்."

6

கதையில் ஒரு துப்பாக்கியைக் காட்டினால் அது முடிவதற்குள் வெடித்தாக வேண்டும் என்று ஒரு எழுத்துப் பட்டறையில் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்து இல்லாத துப்பாக்கியைக் காட்டினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். அப்போது எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் முடிவுகள் வந்து கதவைத் தட்டும். முதல் முடிவில் அந்தக் கொஞ்சூண்டு மருந்து எப்படியோ முழு வேகம் கொடுத்து, குண்டு பெருக்கல் குறியின் நடுவில் போய்ப் பதிகிறது. எல்லாரும் அழுகிறார்கள். இதை ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவும் வந்தது. ஆனால் மருந்து அப்படி வேலை செய்யாது. இன்னொரு முடிவில் மறுபடி மழை பிடித்துக்கொள்கிறது. இது சோம்பேறித்தனம். மூன்றாவதில் போட்டிக்கு முதல்நாள் நான் டென்வரைத் தனியாகக் கூப்பிட்டு...

இல்லை, நான் சொல்லவில்லை. இதை எழுதினால் பின்னால் டென்வர் செய்தது என் ஏற்பாடு ஆகிவிடும். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

டென்வர்தான் எனக்குத் தகராறு. இதுவரை அவரைக் கோமாளியாகவே எழுதிவிட்டேன். அவர் அடுத்துச் செய்யப்போவதற்கு இதுவரை எழுதியதில் ஒரு அடையாளமும் இல்லை. திரும்பப் போய் எங்காவது அவருக்கு ஒரு நல்ல குணத்தைச் செருகலாமா என்று பார்த்தேன். இடம் கிடைக்கவில்லை. வாழ்க்கையிலும் கிடைக்கவில்லை.

7

ஏப்ரல். பனி. (கிடந்தது.) டென்வர் இப்போது கேப்டன். ஹோபர்ட்டின் கரிப்பலகையை அவரே நட்டுவிட்டு வந்தார். தொப்பியைக் கழற்றினார். எல்லாரும் கழற்றினோம்.

வெர்னா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படுத்தார். குழலைக் கட்டையில் சாய்த்தார். துளையை ஊசியால் குத்தினார், கிண்ணத்தில் சிட்டிகை போட்டார், மூடியைச் சாத்தினார். குதிரையை இழுத்தார். ரொம்ப நேரம் குறி பார்த்தார். குறி பார்க்கவில்லை, சும்மா படுத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

கிண்ணத்தில் தீ பளிச்சென்றது.

"பொத்."

பெரும்புகை வந்திருக்க வேண்டும். டீக்கோப்பையில் எழும் ஆவி அளவுக்கு வந்தது. குண்டு போனது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. போகிற குண்டு கண்ணுக்குத் தெரியக் கூடாது. பாதி வழியில் புல்லில் விழுந்தது. பலகை அதுபாட்டுக்கு நின்றது.

கிளப்பில் அந்தச் சத்தம் தெரியாதவர் யாரும் இல்லை. டென்வருக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். எல்லாரும் தொப்பியைப் பார்த்தார்கள், பூட்ஸைப் பார்த்தார்கள். வெர்னா எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தபடியே கிடந்தார்.

டென்வர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். கொட்டகைக்கு நடந்தார். மணியின் கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கணகணவென்று அடித்தது.

"நான்தான்," என்றார். "அன்னிக்கு அவனுக்குக் கெட்டிச்சுக் குடுத்தது நான்தான். பேச்சு சுவாரசியத்துல மருந்த விட்டுட்டேன். எனக்கென்ன, புதுசா? ம், கத்துங்க."

யாரும் கத்தவில்லை. வெர்னா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"டென்வர். நீ அன்னிக்கு வரவேயில்லையே. குடலிறக்கத்துக்குக் கட்டுப்போட்டுக்கிட்டு வீட்டுல கெடந்தே. சூப் வெச்சுக் குடுத்தனுப்பினதே நான்தானே."

டென்வர் கயிற்றை விடவில்லை. ரொம்ப யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் அடுத்த பொய்க்குத் தேடும்போது முகம் எப்படிப் போகும் என்று அன்று பார்த்தேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் கடைசியில். "நான் வந்திருந்தா, என்னையத் திட்டுற மும்முரத்துல அவன் ஒழுங்காப் போட்டிருப்பான். நான் வராததுனாலதான் விட்டுப்போச்சு. அப்ப என் தப்புதானே?"

வெர்னா சிரித்துவிட்டார். பிறகு அழுதார். அப்புறம் எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். துப்பாக்கியை என்னிடம் நீட்டிவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார்.

"கயித்த விடு."

"வெர்னா, வேணாம்."

"அவரவர் மணிய அவரவர்தான் அடிக்கணும். அவரு வெச்ச விதி. அவரால வர முடியல. வீட்டுக்காரி நான் வந்திருக்கேன். விடு."

டென்வர் விட்டார். வெர்னா எங்கள் பக்கம் திரும்பினார்.

"கடைசி ஒரு வருஷமா அவருக்கு மறதி. அடுப்ப மறந்தாரு. பஸ் ரூட்ட மறந்தாரு. என் பேர மறந்தாரு. ஒங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு செத்துப் பொழைச்சாரு. அன்னிக்கு மருந்த மறந்தாரு. அவ்வளவுதான் விஷயம்."

மணியை அடித்தார். டென்வர் அடித்ததைவிடப் பலமாக.

அது அடங்கும்வரை யாரும் அசையவில்லை. அடங்கிய பிறகும் அசையவில்லை.

"என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? கத்திக் கேளுங்க. அவரு இருந்திருந்தா ஒங்கள்ல ஒருத்தன விட்டுவெச்சிருப்பாரா? பாவம், கெழவன், மறதின்னு நீங்க வாய மூடிக்கிட்டா, அதுக்குத்தான் அவரு பயந்தாரு. அதுக்கு மட்டுந்தான் பயந்தாரு."

8

இதற்கு அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை.

எழுதிப் பார்த்தேன். "முதலில் டென்வரின் குரல்தான்..." அடித்தேன். "ஒருவரும் வாய் திறக்கவில்லை, வெர்னா மெல்லத் தலை குனிந்து..." அதையும் அடித்தேன். இந்த ஆட்களோடு நான் இன்னும் இதே ஊரில் குடியிருக்க வேண்டும். கத்தினார்கள் என்று எழுதினால் படிக்கிறவர்கள் இவர்களைக் கல்நெஞ்சர்கள் என்பார்கள். கத்தவில்லை என்று எழுதினால் வெர்னா என் முகத்தில் விழிக்க மாட்டார். என் கையில் அவருடைய கணவரின் துப்பாக்கி இருந்தது. என்னை நம்பிப் பயனில்லை.

நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். மருந்து விட்டுப்போனதை நீங்களும் கவனிக்கவில்லை, ஆகவே கிளப்பில் சேர்ந்தாயிற்று. தொப்பி உங்கள் கையிலும் இருக்கிறது. மணி அடித்தாகிவிட்டது. அடித்தால் வரிசையில் நிற்கிற எல்லாரும் கத்த வேண்டும். என்ன கத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். யார் பெயரைச் சொல்லி என்றும் தெரியும்.

வெர்னா கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார். உங்களைத்தான் பார்க்கிறார்.